நாலாவது வாசகி

கடலூரிலிருந்து அத்தைக்கு ஒரு கடிதம் வந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். வேப்பனப்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு உறவுக்காரர் அல்லாத ஒருவர் கடிதம் எழுதியது அதுதான் முதல் முறை. அதுவும் அத்தை பெயருக்கு.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருடமே மாமா விஷக்காய்ச்சலில் போய்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டியோடும், மாமா படித்துக்கொண்டிருந்த ஒரு ஞானப் புத்தகத்தோடும் அத்தை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். மத்தியானம் கை வேலை ஓய்ந்ததும் அதைத் திறந்துவைத்துக்கொள்வார். ஏதோ ஓர் இடம் புரியாமல் போக, அட்டையில் இருந்த விலாசத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். விளக்கம் வரவில்லை, அழைப்பு வந்துவிட்டது. கோடை விடுமுறையில் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்கள் எல்லோரும் கடற்கரையில் கூடி, மூன்று நாள் சேர்ந்து வாசிக்கப் போகிறார்களாம். பக்கத்து ஊர் வாசகர்களையும் அழைத்து வரச் சொல்லி, ஓசூரில் இருக்கும் ஒரு டீச்சரின் விலாசத்தையும் எழுதியிருந்தார்கள்.

அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஒத்தையா அவ்வளவு தூரம் எப்பிடிப் போவ? இந்தப் புஸ்தகம் படிக்கறவங்க நாலு பேரு சேந்தா போ."

அப்பா எதற்கும் முடியாது என்று சொல்லமாட்டார். முடியாமல் போகிற மாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்பார். அத்தையோ அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டு அழைக்கக் கிளம்பிவிட்டார். துணைக்கு நான்.

முதலில் மாந்தோப்புக்காரம்மா வீடு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அத்தையிடம் புத்தகத்தை இரவல் வாங்கி இரண்டு முறை படித்தவர். "சமுத்திரத்த நான் கண்ணால பாத்ததே இல்லம்மா. நேனு ஒஸ்தானு" என்று, வருவதாகத் தெலுங்கிலேயே வாக்குக் கொடுத்தார். அடுத்த நாள் பஸ் பிடித்து ஓசூருக்குப் போனோம். டீச்சர் வீட்டில் கன்னடம். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்து, ஒரு வருடமாக முப்பதாம் பக்கத்திலேயே நின்றிருந்தார். "இந்த ஜில்லாவுல நான் ஒருத்திதான் இத படிக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று அத்தையின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

மூன்று பேர் ஆயிற்று. நாலாவது ஆள் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கைக்குழந்தை. அதனால் நானே வாசகியாகிவிடுவது என்று முடிவு செய்தேன். ஞானத்துக்காக இல்லை, கடலுக்காக. பத்து நாள் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தேன். ஒரு வரிகூட விளங்கவில்லை.

"நானும் படிச்சிட்டேன்ப்பா. நாலு பேரு ஆயிருச்சு."

அப்பா சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தை விரித்து நீட்டினார். "எங்க, படி பாக்கலாம்."

தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்தேன். அச்சில் இருந்ததோடு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததையும் அதே ராகத்தில் சேர்த்துப் படித்தேன்: இதை ஒரு நாள் கடற்கரையில் உட்கார்ந்து அவளோடு படிக்க வேண்டும்.

உள்ளே அத்தை புடைத்துக்கொண்டிருந்த முறத்தின் சத்தம் நின்றது.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா படி பாப்பா" என்றார் அப்பா. படித்தேன். புத்தகத்தை வாங்கி, அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் அத்தையிடம் கொடுத்தார்.

"நாலு பேரு ஆயிட்டீங்க. போய்ட்டு வாங்க."

என் வாசிப்புத் திறமைக்குக் கிடைத்த வெற்றி அது என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஊத்தங்கரை வழியாக பஸ் மாறி மாறி, புளிச்சோறு தின்றுகொண்டு கடலூர் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை வாசிப்பு ஆரம்பிக்கும் முன்பே அத்தை மணலில் தனியாக உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தார். முடித்ததும் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். ஓர் அலை வந்து ஆளைப் புரட்டிப் போட்டது. மாந்தோப்புக்காரம்மா ஓடிப்போய்த் தூக்க, அவரையும் அடுத்த அலை சாய்த்தது. இருவரும் நனைந்த புடவையோடு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர் அத்தையிடம் சொன்னார்: "வாத்தியார் ட்ரெய்னிங் சேருங்க. ஓசூர்ல எங்க வீட்லயே இருந்துக்கலாம்."

இந்த முறை அப்பா எதுவும் சொல்லி வைக்கவில்லை. அடுத்த மாதமே அத்தை டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினார். நான் பஸ்ஸின் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன். எனக்குத் தலை வாரிவிட இனி யார் இருக்கிறார்கள்? இவ்வளவு வயதான பிறகு இவர் படித்து என்ன ஆகப்போகிறது என்று அன்றெல்லாம் அம்மாவிடம் சண்டை போட்டேன்.

அத்தைக்கு அப்போது இருபத்துமூன்று வயது.