நம்பிக்கையான ஒருவர்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றால்கூட வயர்கூடையும் ஃபிளாஸ்க்குமாக நாலு பேர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது ஆனையூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். ஆனால் எச்.ஐ.வி. வராமல் தடுக்க நான் தினமும் ஒரு மாத்திரை போடுவது யாருக்கும் தெரியாது. ஆபீசில் ஹெட்கிளார்க், கல்யாணம் ஆகாதவன், ஆண்களை விரும்புகிறவன் என்ற மூன்றையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்க்க இந்த ஊருக்குத் தெம்பு கிடையாது. எனக்கே கிடையாது.

மாத்திரை கொடுத்த சின்ன அமைப்பு, பிளாக்செயின் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. என் பரிசோதனை விவரமெல்லாம் பெயரில்லாமல் பல கணினிகளில் ஒரே நேரத்தில் பதிவாகும். யாரும் அழிக்க முடியாது. என் போனுக்குள் ரகசியக் குறியீடாக இருக்கும் சாவி இல்லாமல் யாரும் பார்க்கவும் முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மையம், வேலை பார்க்கும் உசிலம்பட்டியில் ஒரு மையம். எங்கே போனாலும் போனைக் காட்டினால் போதும், பெயரைக் கேட்க மாட்டார்கள். அதற்காகவே சேர்ந்தேன்.

சேரும்போது ஒரு கட்டம் வந்தது. போன் தொலைந்தால் சாவியை மீட்டுத் தர, நம்பிக்கையான ஒருவரின் எண் வேண்டுமாம். நான் என்னுடைய இரண்டாவது சிம் எண்ணையே போட்டு, என் சாவியையும் அந்த ஆளுக்கான மீட்புச் சாவியையும் ஒரே போனில் வைத்துக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

உசிலம்பட்டி டவுன் பஸ் நெரிசலில் அந்தப் போன் போய்விட்டது. கையில் இரண்டு நாள் மாத்திரைதான் மிச்சம். பழைய எண்ணையே புதுப் போனில் வாங்கிப் போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனேன்.

"நம்பர் வந்து பிரயோசனம் இல்லண்ணே" என்றார் நர்ஸ். "சாவி அந்தப் போனுக்குள்ளதான இருந்துச்சு. நம்பிக்கையான ஆளுன்னு ஒருத்தரப் போட்டிருப்பீங்க. அவருக்கு ஒரு போன் போடுங்க."

"அவரும் அந்தப் போன்லதாம்மா இருந்தாரு."

நர்ஸ் சிரிக்கவில்லை. "அப்ப புதுசாத்தான் பதியணும். அதுக்கும் ஒரு ஆளு வேணும்ணே. காலியா விட்டா ஏத்துக்காது."

வெளியே வந்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒருவரின் எண். இந்த மாத்திரையைத் தொடங்கிய காலத்தில் என்னோடு பழகியவர். இப்போது சோழவந்தானில் மனைவி, பிள்ளைகளோடு இருக்கிறார். அழைத்து, "நான்தான்" என்றேன். "ராங் நம்பருங்க" என்றார், ரொம்ப மரியாதையாக. பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் அப்படித்தான் பேசுவார். கோபம் வந்திருந்தால் தேவலை. அழுகைதான் வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். "எனக்கு அப்படி யாரும் இல்லம்மா" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நர்ஸ் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, மேசை டிராயரிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். "டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டு மாத்திரைய வாங்கிட்டுப் போங்கண்ணே. ஆனா இதுல பேரு எழுதணும். பேரச் சொல்லுங்க."

இத்தனை நாள் எதைச் சொல்லப் பயந்து ஒளிந்தேனோ, அதையே கேட்டார். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னேன்.

எழுதிவிட்டு நிமிர்ந்தார். "இனிஷியலுண்ணே?"