கையுறையின் இரண்டு விரல்கள்

நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு "சும்மா கதை விடாதே" என்று சொல்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். ராபின் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே அப்பளம் பொரிந்தால் இங்கே எனக்குத் தெரியும். இது மட்டும் தெரியாமல் போகுமா?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தகடு அழுத்தும் ஒரு பிரஸ் கம்பெனியில் ராபினின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்று வருடம் வீட்டில் கிடந்து, மனைவி ஏஞ்சலினிடம் தினசரி வசவு வாங்கி, போன தை மாதம்தான் அதே பேட்டையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தார்.

தொட்டியில் இருப்பவை மீனுமில்லை, பல்லியுமில்லை. இளஞ்சிவப்பு உடம்பு, காதோரம் இறகு மாதிரி செவுள், எந்நேரமும் சிரிப்பது போல ஒரு வாய். ராபின் அவற்றை மீன்பல்லி என்பார். மயக்க மருந்து கொடுத்து அவற்றின் காலை வெட்டுவார்கள். சில வாரங்களில் எலும்பு, தசை, விரல் என்று முழுக்காலும் திரும்ப முளைத்துவிடும். இந்த ரகசியம் பிடிபட்டால் ஒரு நாள் மனிதருக்கும் உதவும் என்றார் அங்கே ஆராய்ச்சி நடத்தும் டாக்டர் கல்பனா. அந்த 'ஒரு நாள்' வர ஐம்பது வருடம்கூட ஆகலாம் என்றும் சொன்னார். இரண்டாவதாகச் சொன்னது ஏஞ்சலின் காதில் ஏறவே இல்லை.

"அந்தத் தண்ணில டெய்லி கைய வெச்சுதான் பாரேன்யா."

"பல்லிக்கு மொளைக்குதுன்னா எனக்கும் மொளைக்குமா?"

"இன்னா, பல்லிய விட மட்டமா பூட்டியா நீ?"

மனுஷன் வைத்தார். ஐந்து மாதமாக, தினமும் காலையில் பத்து நிமிடம், பதினேழாம் தொட்டியில், யாருக்கும் தெரியாமல். விரல் முளைக்கவில்லை. கையில் சொறிதான் வந்தது.

அந்தத் தொட்டி அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கனமான இரும்புக் கதவு. வெளியே கைப்பிடி உண்டு. உள்ளே ஒன்றும் இல்லை, வழவழவென்று ஸ்டீல் தகடு மட்டும். அதனால் உள்ளே போகிறவர்கள் எல்லாரும் வாசலில் கிடக்கும் கருங்கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அங்கே வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் பாடம் அந்தக் கல்தான்.

ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. பேட்டை முழுக்க காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. கூடத்துக்கு விடுமுறை. ராபின் உள்ளே, காவலாளி அப்பாவு கேட்டில். வேறு ஆள் இல்லை.

கல்லை வைத்தால் கதவு பாதி திறந்து நிற்கும். அப்பாவு எட்டிப் பார்த்தால், தொட்டியில் கைவிட்டு நிற்கும் கோலம் தெரிந்துவிடும். ஊரெல்லாம் சிரிக்கும். எனவே ராபின் கல்லை நகர்த்திவிட்டு, ஓர் அட்டைத் துண்டை மடித்து இடுக்கில் செருகினார். விரல் அகலத்துக்கு இடைவெளி. போதும் என்று நினைத்தார்.

கையை ஊறவைத்தார். எடுத்துத் துடைத்தார். ரப்பர் கையுறை மாட்டினார். காலியாகத் தொங்கும் இரண்டு விரல்களையும் வழக்கம்போல மடித்து ரப்பர் பேண்ட் போட்டார்.

மணி 9.02. விளக்கு அணைந்தது.

ஏசி நின்றது. அந்த அமைதியில் அட்டை வழுக்கும் சத்தம் கேட்டது... சர்ர்ர்...

க்ளிக்.

போன் வெளியே லாக்கரில். உள்ளே போன் கூடாது என்பது சட்டம். ராபின் கத்தினார். உதைத்தார். கதவு தடிமன். கேட் நூறடி தூரம்.

'சரி, ஐந்து மணிக்குத் திறப்பார்கள்' என்று உட்காரப் போனவர் காலில் ஏதோ சில்லென்று பட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூலையில் டிரை ஐஸ் பெட்டி, அதாவது கட்டியாக உறைய வைத்த கரியமிலவாயு. பெங்களூருக்கு ஆய்வு மாதிரிகள் அனுப்ப வாங்கி, கூரியர் வராமல் நின்றுபோனது. "ஏசி ஓடாதப்ப அது மூடுன ரூம்ல இருக்கவே கூடாது ராபின். புகை காத்தைத் தின்னுடும், ஆளே போயிடுவாங்க. காலைல மொத வேலையா வராந்தாவுல வெச்சிடுங்க" என்று கல்பனா முந்தின நாள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

முதல் வேலையாகக் கையை ஊறவைத்திருந்தார் ராபின்.

இருட்டில் தடவிப்போய்ப் பெட்டியைத் தொட்டார். மூடி பிளந்திருந்தது. அமுக்கினார், உட்காரவில்லை. புகை வழிந்துகொண்டே இருந்தது.

இருட்டிலும் மின்னும் கைக்கடிகாரத்தில் 9.20. கணுக்கால் வரை குளிர்.

9.31. தலைவலி. மூச்சு வாங்கியது. தொட்டி மேசைமேல் ஏறி நின்றார். பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் மட்டும் குளுக்... குளுக்... என்றது. ஏஞ்சலினை நினைத்தார். இப்படிச் செத்தால் என்ன திட்டு திட்டுவாள் என்றும் நினைத்தார்.

9.40.

டக்... டக்... டக்.

கதவில்தான். "அப்பாவு அண்ணே! தொறண்ணே!"

கதவு திறக்கவில்லை.

டக்... டக்... டக்.

ராபினுக்கு மெல்ல ஒன்று புரிந்தது. சத்தம் வெளியே இருந்து வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம், அறைக்குள்ளே இருந்து...

குழாய்ச் சத்தம் நின்றது.

9.43. வலக்கையில் 'பட்' என்று ஏதோ தெறித்தது. ரப்பர் பேண்ட்.

மடித்து வைத்த இரண்டு கையுறை விரல்களும் நிமிர்ந்தன. உள்ளே ஏதோ ஊறி ஏறியது. பனிக்கட்டி மாதிரி. ஈரமாக. அடியிலிருந்து நுனிவரை...

நிரம்பிவிட்டது.

ராபின் மடக்கவில்லை. அவை மடங்கின.

ராபின் இறங்கவில்லை. அவை இழுத்தன.

புகைக்குள், கதவுவரை. கதவில் மேலே, கீழே, எதையோ தேடின.

ஒரு கைப்பிடி. துருப்பிடித்த, வளைந்த கைப்பிடி.

கொக்கி போட்டன.

இழுத்தன.

க்ளிக்.

வெளிச்சம்.

வராந்தாவில் விழுந்து கிடந்தவரை அப்பாவுதான் பார்த்தார். தண்ணீர் தெளித்தார், விசிறினார். மணி 9.50.

"இன்னா நைனா இது? உள்ள மாட்டிக்கினியா? எப்பிடி வெளிய வந்த?"

"உள்ள கைப்பிடி இருந்துச்சேண்ணே. அதப் புடிச்சுத்தான்..."

அப்பாவு கதவை அகலத் திறந்து, கல்லை முட்டுக் கொடுத்து, டார்ச் அடித்துக் காட்டினார். வழவழவென்று ஸ்டீல் தகடு.

"இருந்துச்சு நைனா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இருந்துச்சு." அவர் குரல் இறங்கியது. "எளாவூர்ப் பையன் மணிகண்டன். உனக்கு முன்ன தொட்டி கழுவினவன். இதே மாதிரி கரன்ட்டு போன நாளு, இதே ஐஸு. கைப்பிடி இறுகிப்போயி தொறக்கல. இழுத்து இழுத்து ரெண்டு வெரலு அதுலயே அறுந்து பூட்ச்சு. அதுக்கப்புறந்தான், விசயம் வெளிய தெரியக் கூடாதுன்னு, கைப்பிடியப் புடுங்கிட்டுத் தகடு அடிச்சாங்க."

"எந்த வெரலுண்ணே?"

அப்பாவு தன் வலக்கையை நீட்டி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் மடக்கிக் காட்டினார்.

"மூணு மூணா தட்டினான் நைனா. வராந்தாவாண்ட வந்தப்ப எனக்குக் கேட்டுச்சு. பக்கத்து கம்பெனி ஜெனரேட்டர்னு நெனச்சு வுட்டுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "செத்த ஒடம்ப அவன் ஊட்டுக்காரங்க கைல குடுத்துட்டாங்க. அந்த ரெண்டு வெரலு மட்டும் எங்க தேடியும் கெடைக்கல."

இவ்வளவும் ராபினே என் வீட்டு வாசலில் நின்று சொன்னது. வேலையை அன்றோடு விட்டுவிட்டார். அந்தக் கையுறையை மட்டும் கழற்றவில்லை. இந்த வெயிலிலும், சாப்பிடும்போதும், ஞாயிறு கோயிலுக்குப் போகும்போதும் கையில் அதே ரப்பர் கையுறை. நான் சும்மா இருப்பேனா, கிட்டே போய் நன்றாகப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் இல்லை. எந்த விரலும் தொங்கவில்லை.

நேற்று மாலை ஏழு மணிக்கு எங்கள் பொதுச் சுவரில் சத்தம்.

டக்... டக்... டக்.

போய்க் கதவைத் தட்டினேன். ஏஞ்சலின் பாதி திறந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடி, உங்க ஊட்டுக்காரரு சுவத்த இடிக்கிறாரா?"

"அவரு மதியத்துல இருந்து தூங்கிக்கினு இருக்காருக்கா," என்றாள். "கை மட்டுந்தான்..."