இடதுபக்க ஜன்னலில் ஒரு பொட்டு

கமலநாதன் தன் ஜீப்பை விற்ற அன்று யாரிடமும் வருத்தம் காட்டவில்லை. முதுகெலும்பில் ஒரு வட்டு நகர்ந்துவிட்டது, இனி இந்த மாதிரி தூக்கிப்போடுகிற வண்டியெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியின் தம்பி ஜீவன் தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான், கொடுத்துவிட்டார். சாவியை நீட்டும்போது சிரித்துக்கூட வைத்தார். வயிறு எரிய ஆரம்பித்தது மறுநாள் காலை ஏழு மணிக்கு. ஜீவன் துணிக்கூரையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, ஹார்ன் அடித்துக்கொண்டே அவர் வீட்டு வாசலைக் கடந்து போனான்.

கமலநாதனுக்கு ஐம்பத்து நான்கு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடமாக லென்ஸ் வெட்டித் தீட்டுகிறார். கீறல் என்றால் அவருக்கு ஆகாது. மயிரிழை அளவுக்குக் கோடு விழுந்தாலும் அந்த லென்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு எடுப்பார். அப்படிப்பட்ட மனிதர், கூரை துணியாகவும் ஜன்னல் பிளாஸ்டிக்காகவும் இருக்கிற ஒரு வண்டியை ஏன் வாங்கினார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. பார்த்தார், பிடித்துப்போய்விட்டது. சிலருக்குக் கல்யாணமே அப்படித்தான் நடக்கிறது.

பதினோரு வருடம் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கும் தினமும் அந்த ஜீப்தான். கூட்டரசு நெடுஞ்சாலையில் பக்கத்தில் ஒரு லோரி வந்தால் போதும், ரேடியோ பாடுகிறதா அழுகிறதா என்று தெரியாது. சுபாங் தாண்டுவதற்குள் மழை பிடித்தால் வலது தோள் நனையும். இரவில் பெய்த மழை கூரைத் துணியில் குளம் கட்டி நிற்கும். காலையில் உள்ளே இருந்து உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளி அதைக் கொட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒரு சின்னக் கத்தி வைத்திருப்பவனுக்கு இந்த வண்டியில் பூட்டு ஒரு பொருட்டே இல்லை என்பதால், உள்ளே ஒரு குடையைக்கூட விட்டுவைக்க மாட்டார்.

இவ்வளவு தொல்லையையும் அவர் ஆசை ஆசையாகப் பட்டார். ஜன்னலையும் கூரையையும் இணைக்கிற ஜிப்புகளுக்கு வாரம் ஒருமுறை மெழுகுவர்த்தி தேய்ப்பார். ஜன்னலைக் கழற்றினால் மடிக்க மாட்டார், பழைய கைலியில் வைத்துச் சுருட்டுவார். மடித்தால் கோடு விழும், கோடு விழுந்தால் அவருக்குத் தூக்கம் வராது. கூரையைத் திறப்பதும் அதனால்தான் அபூர்வம். பதினோரு வருடத்தில் மூன்று முறை திறந்திருப்பார். வண்டியில் யார் ஏறினாலும் அவர் சொல்கிற முதல் வாக்கியம் ஒன்றுதான்: "ஜிப்பத் தொடாதீங்க, பிஞ்சிரும்."

அத்தனை பாதுகாப்பிலும் ஒரு கறை இருந்தது. முன்னால் இடதுபக்க ஜன்னலில், விரல் நுனி அளவுக்கு, மஞ்சளும் சிவப்பும் கலந்த மங்கல் கறை. சோப்பு, வினிகர், கடையில் லென்ஸ் துடைக்கிற திரவம் எல்லாம் போட்டுப் பார்த்தார். போகவில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த ஜன்னல் ஓரத்து இருக்கையில் அவருடைய சாப்பாட்டுப் பைதான் பயணம் செய்தது. மனைவி லோகேஸ்வரி ஏற மாட்டாள். முடி கலைந்துவிடும் என்பாள், இடுப்பு வலிக்கும் என்பாள், புகை ஒத்துக்கொள்ளாது என்பாள். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவதென்றால் வாடகைக் காரை அழைத்துக்கொள்வாள். காற்று பிடிக்காத பெண்பிள்ளை என்று அவரும் விட்டுவிட்டார்.

இப்போது அவரிடம் இருப்பது ஒரு சின்ன வெள்ளைக் கார். கியர் மாற்ற வேண்டாம், கதவைச் சாத்தினால் உலகமே ஊமை, ஏர்கான் ஜில்லென்று வருகிறது. சிக்னலில் நின்றால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜீப்பில் போன காலத்தில் மோட்டார்சைக்கிள்காரர்கள், "போஸ், எந்த வருஷ மாடல்?" என்று கேட்பார்கள். அதெல்லாம் இப்போது ஜீவனுக்கு.

ஜீவன் அதே தாமான் குடியிருப்பில் இரண்டு வரிசை தள்ளி இருக்கிறான். வேலை, வீடு வீடாகப் போய் ஏர்கான் மாட்டுவது. ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொடுப்பவன் கூரை இல்லாத வண்டியில் வெயில் காய்ந்துகொண்டு போகிறான் என்று கமலநாதன் கிண்டல் செய்தார். ஆனால் கிண்டல் வாயோடு சரி. உள்ளே புகைந்துகொண்டே இருந்தது. அவன் ஜன்னலை மடித்துப் பின்னால் எறிகிறான், சட்டை நுனியால் பிளாஸ்டிக்கைத் துடைக்கிறான், கேஸ் சிலிண்டரைப் பின் இருக்கையில் உருள விடுகிறான். அப்படியெல்லாம் செய்தும் அந்த வண்டி அவனிடம் சந்தோஷமாக இருப்பதுபோலத் தோன்றியதுதான் அவரால் பொறுக்க முடியவில்லை.

கடை வாசலில் வடை போடுகிற அஞ்சம்மாள் வேறு எண்ணெய் ஊற்றினாள். "அங்கிள், நேத்து ஒங்க ஜீப்ப பார்த்தேன் லா. கூரையெல்லாம் தொறந்து விட்டுட்டு செம்ம ஸ்டைலா போகுது. ஒங்ககிட்ட இருந்தப்ப எப்பவும் மூடியே கெடக்குமே, ஏன்?"

கமலநாதன் வடையைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

இதெல்லாமாவது பரவாயில்லை. அடுத்த சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வெள்ளைக் காரில் வந்துகொண்டிருந்தவர், கிள்ளான் பாசார் சந்தைப் பக்கத்துச் சிக்னலில் நின்றார். எதிர்ப்புறம் ஜீப் நின்றது, கூரை சுருட்டியிருந்தது. ஜீவன் ஓட்டுகிறான். இடதுபக்கம் ஒரு பெண், முடி நாலாபக்கமும் பறக்க, எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அந்தக் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஆளே அடையாளம் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவர் கையாலேயே லென்ஸ் வெட்டிக் கொடுத்து, "எனக்கெதுக்குங்க இதெல்லாம்" என்று அலமாரிக்குள் போன கண்ணாடி.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்கள். வண்டிக்காகப் பொறாமைப்பட்டார், சரி. தன் பெண்டாட்டியின் சிரிப்புக்கு மைத்துனன் மேல் பொறாமைப்பட வேண்டி வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். கிள்ளான் மேல் கறுப்பாகத் திரண்டு நின்றது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பெய்யட்டும், நன்றாகக் கொட்டட்டும். அந்தக் கூரையை மாட்டத் தெரியாமல் நடுத்தெருவில் தடுமாறட்டும். நனைந்து, சண்டை போட்டு, இந்தப் பீடை வண்டியே வேண்டாம் என்று வந்து நிற்கட்டும். நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையைப் படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் வந்தது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். சண்டை போடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, ஜிப்பு சிக்கிருச்சு! கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று ஜீவன் கத்தினான்.

முதுகு வலியெல்லாம் மறந்துபோய் மழையில் இறங்கினார். கம்பியை நிமிர்த்தி, துணியை இழுத்து, ஓரத்தைப் பள்ளத்தில் செருகி, நான்கே நிமிடத்தில் கூரை மேலே போய்விட்டது. ஜீவன் வாயைப் பிளந்தான். கமலநாதனுக்கு ஒரு நிமிடம் பழைய கெத்து வந்தது. பிறகு இடதுபக்க ஜன்னலை மாட்டப் போனவர் அப்படியே நின்றார். பழைய கறையின் மேலேயே, பளிச்சென்று, சந்தனமும் குங்குமமுமாக ஒரு புதுப் பொட்டு. மழையில் கரைந்து கீழே ஒரு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

"யார் வச்சா இத? பிளாஸ்டிக்ல ஏறினா போவாதுன்னு தெரியாதா?"

"அக்காதான் மாமா. கோயில்ல வண்டிக்குப் பூச போட்டோம். நீ ஒக்கார்ற பக்கம் நீயே வையின்னு நாந்தான் சொன்னேன்."

கமலநாதன் மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே நிதானமாகச் சொன்னாள்.

"அதுக்குக் கீழ இருக்கிறதும் நான் வச்சதுதாங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. மறந்ததாக வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஜீப் வாங்கிய அன்று அதே கோயில் வாசல். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஐயர், அக்கம்பக்கத்து ஆட்கள். பம்பரில் பொட்டு வைத்தவள், தான் உட்காரப்போகிற பக்கம் என்று அந்த ஜன்னலிலும் ஒன்று வைத்தாள். "அறிவிருக்கா ஒனக்கு?" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே அவர் கைக்குட்டையால் அந்தப் பொட்டைத் துடைத்தார். அன்றைக்கு அவள் ஜீவனின் மோட்டார்சைக்கிளில்தான் வீட்டுக்கு வந்தாள். இடுப்பு வலி, முடி, புகை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

"காத்து பிடிக்காதுன்னியே" என்றார்.

"நான் எப்பங்க சொன்னேன்? நீங்களா நெனச்சிக்கிட்டீங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். கமலநாதன் கையில் துடைக்கிற துணியோடு மழையில் நின்றார். பொட்டு இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் தம்பியும் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். கூரை மறுபடி சுருட்டியிருந்தது. கமலநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நானும் வரேன்."

"முதுகு, மாமா?"

"முதுகு கெடக்குது லா."

முன்னால் இடமில்லை. லோகேஸ்வரி கறுப்புக் கண்ணாடியோடு இடதுபக்கம் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கும் எண்ணமும் இல்லை. பதினோரு வருடம் ஓட்டிய வண்டியின் பின் இருக்கையில் கமலநாதன் முதல்முறையாக ஏறினார். சிலிண்டர் உருண்டு வந்து காலில் இடித்தது. நெடுஞ்சாலை ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. அவள் முடி பறந்து பறந்து அவர் மூக்கில் பட்டது. காற்று இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. இத்தனை காலம் வீணாகப் போனதை நினைத்தபோது, வாங்கியவன் மேலும் ஏறியவள் மேலும் ஒன்றாக எரிச்சல் வந்தது.

இடதுபக்க ஜன்னல் மட்டும் கழற்றப்படாமல் இருந்தது. பொட்டு இருந்ததால் அவள் கழற்ற விடவில்லை. அதன் ஜிப் பாதி திறந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் கை தானாக நீண்டது.

"ஜிப்பத் தொடாதீங்க" என்றாள் லோகேஸ்வரி, திரும்பாமலே. "பிஞ்சிரும்."

ஜீவன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கமலநாதன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.