சிமெண்ட் களத்தில் அளந்த குதிரை

எனக்குக் குதிரைப் பந்தயம் பிடிக்கும். இதைச் சொன்னால் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "பொம்பளைக்கு இன்னாடி குதிரை?" என்பார்கள். சீரியல் பார்த்து மூக்கைச் சிந்துவதற்கு மட்டும்தான் பொம்பளை பிறந்தாளாக்கும்! விருத்தாசலத்தில் வாரம் முழுக்க உட்கார்ந்து, சூளைக்குப் போகிற பீங்கான் விளக்குகளுக்குப் பிசிறு சீவுகிறேன். தூசியில் மூக்கு அடைத்துப் போகும், முதுகு விட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போவேன். எவனுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

புரட்டாசி பிறந்ததிலிருந்து மழை வலுக்கும் வரை எங்கள் பக்கம் பந்தயம் நடக்கும். ஒரு வாரம் சேத்தியாத்தோப்புப் பக்கம், ஒரு வாரம் திட்டக்குடிப் பக்கம், இன்னொரு வாரம் கம்மாபுரத்தைத் தாண்டி ஏதாவது ஓர் ஊர். டி.வி.யில் காட்டும் புல்தரைப் பந்தயம் இல்லை இது. தார் ரோடுதான் மைதானம். லேசான இரண்டு சக்கர ரேக்ளா வண்டி, அதில் ஒற்றைக் குதிரை, ஓட்டுகிறவன் ஒருத்தன். பக்கத்து ஊர் எல்லை வரைக்கும் ஓடி, அங்கே நிற்கிறவனிடம் கொடியை வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். குதிரைகளுக்குப் பின்னால் நூறு பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு விரட்டும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவான் ஒருத்தன், விசிலடிப்பான் இன்னொருத்தன். அந்தக் கூட்டத்தில் என் ஸ்கூட்டியும் போகும். புரட்டாசி என்பதால் பிரியாணிக் கடை இருக்காது, தக்காளி சாதம்தான். அதையும் ரோட்டோரம் நின்றபடியே தின்றுவிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்பிவிடுவேன்.

அங்கே யாருக்கும் இரக்கம் கிடையாது. இதையும் சொல்லிவிடுகிறேன். தோற்ற குதிரையை அதன் சொந்தக்காரனே கூட்டத்துக்கு நடுவில் செருப்பால் அடிப்பான். வண்டி குடை சாய்ந்து விழுந்தவனைத் தூக்குவதற்கு முன்னால் நாலு பேர் வீடியோ எடுப்பார்கள். "ஏய், எழுந்துருடா, இன்னும் சாவுலயா நீ?" என்று கத்தினால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்த இடத்தில் நின்றால் சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

என் அக்கா புருஷனிடம் ஒரு குதிரை இருந்தது. மாமா சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்து ஊறுகாய் ஜாடியும் பூந்தொட்டியும் செய்கிறவர். குதிரை, செவலை நிறத்தில் ஒரு மட்டக் குதிரை. பெட்டை. ஊரில் எல்லோரிடமும் "என் குதிரை, என் குதிரை" என்று மார் தட்டுவார். கொள்ளு ஊற வைப்பது யார், புல் அறுத்து வருவது யார், சாணி அள்ளுவது யார் என்று கேட்டால் மூன்றுக்கும் அக்காதான். காலையில் அக்கா டீ டம்ளரோடு பின்பக்கம் போனால் செவலை கழுத்தை நீட்டிக் கடைசி வாய் டீயைக் குடித்துவிடும். "ஏன் ராசாத்தி, எனக்கு ஒரு வாய் வுடக் கூடாதா?" என்று அக்கா அதனோடு சண்டை போடுவாள். புருஷனிடம் அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அவரிடம் பேச என்ன இருக்கிறது?

போன வருஷம் ஓடிய இடத்திலெல்லாம் செவலை தோற்றது. மாமாவுக்கு ஆத்திரம் ஆறவில்லை. இந்த வருஷம் ஆயுத பூஜையன்று, குதிரைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னார். நானும் அங்கே சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

"இந்தத் தடவ தோத்துச்சின்னா, அங்கியே எவன் கேக்குறானோ அவங்கிட்ட வித்துட்டு வந்துடுவேன். செங்கல் சூளையில கல்லு இழுக்கட்டும்."

அக்கா கையில் குங்குமத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஜெயிச்சா?" என்று கேட்டாள்.

"ஜெயிச்சா அது உன் குதிரை. நான் தொட மாட்டேன், விக்க மாட்டேன். போதுமா? உன் தங்கச்சியே சாட்சி."

அக்கா அன்றிலிருந்து எந்தக் கோயிலைப் பார்த்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஞாயிறு சேத்தியாத்தோப்புக்கு இந்தப் பக்கம் பந்தயம். அக்காவை மாமா வர விடவில்லை. பொம்பளை வந்தால் ராசி இல்லையாம். நான் என்ன ஆம்பிளையா என்று கேட்டேன். "உன்ன எவன் பொம்பளைன்னு சொன்னான்?" என்று சிரித்தார். ரேக்ளா ஓட்டுகிற ஆளும் கூடச் சேர்ந்து சிரித்தான். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஓடும்போது போன் பண்ணுடி. எப்படியாச்சும் ஜெயிக்கச் சொல்லு" என்றாள். நான் சொன்னால் குதிரை கேட்குமா? சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை உயரம் அளப்பார்கள். அளவுக்குள் இருந்தால் சின்னக் குதிரை, கொஞ்சம் மிஞ்சினால் நடுக் குதிரை, அதற்கு மேல் பெரிய குதிரை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓட்டம். ஒரு கம்பில் குறுக்குச் சட்டம் வைத்து, கழுத்தும் முதுகும் சேருகிற மேட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டு போவார்கள். சட்டம் இடிக்காமல் போனால் சின்னக் குதிரை. இந்த இடத்தில் நடக்கிற தில்லுமுல்லு கொஞ்சமில்லை. முதுகில் நைஸாகக் கிள்ளுவார்கள், குதிரை நெளிந்து தாழும். கால்களை அகட்டி நிறுத்துவார்கள். குளம்பைச் சீவுவார்கள். கமிட்டிக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் வீட்டுக் குதிரையும் அதே வரிசையில்தான் நிற்கும்.

மாமா வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். சட்டம் சுத்தமாகப் போனது என்று வழியெல்லாம் பெருமை. எங்கே அளந்தார்? செவலையைக் கட்டுகிற பின்பக்கத்தில். மழையும் மூத்திரமும் ஊறிய சேற்று மண். குளம்பு அதில் அமுங்கித்தான் நின்றிருக்கும். பந்தய இடத்தில் நெல் காயப்போடுகிற சிமெண்ட் களத்தில் அளந்தார்கள். சட்டம் 'டொக்' என்று செவலையின் மேட்டில் இடித்தது. கூட்டம் ஹோவென்று கத்தியது.

"யோவ், ஒட்டகத்த ஏன்யா ஓட்டிக்கினு வந்த?"

மாமாவின் முகம் செத்துவிட்டது. கமிட்டிக்காரர், "நடுக் குதிரையில ஓட்டிக்கங்க. இல்லன்னா பேர் குடுக்கறத முடிக்கறதுக்குள்ள இன்னொரு தடவ அளக்க வாங்க" என்றார்.

"நடுக் குதிரையிலயே ஓட்டுங்க மாமா" என்றேன் நான்.

"அதுல இது கடைசியா வரும். தோத்தா வித்துடுவேன்னு சொல்லியிருக்கேன். உங்க அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு, நான்தான் நடுக் குதிரையில வுடச் சொன்னேன்னு. சொல்றியா?"

நான் ஸ்கூட்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

புளியமரத்தடிக்குச் செவலையை ஓட்டிப் போனார்கள். மாமா குதிரையை ஏற்றி வந்த மினி லாரியின் பெட்டியிலிருந்து தேய்ப்புக் கல்லை எடுத்தார். சுட்ட ஜாடி தரையில் ஆடாமல் உட்கார வேண்டும் என்று அதன் அடியைத் தேய்த்துச் சமமாக்குவோமே, அந்தக் கல். ஓட்டுகிறவன் ஒவ்வொரு காலாக மடக்கிப் பிடித்தான். குதிரைக் குளம்பு உள்ளே குழிந்திருக்கும். சுற்றிலும் இருக்கிற கெட்டி விளிம்பில்தான் அது நிற்கும். மாமாவுக்கு அதெல்லாம் யார் சொன்னது? இருபது வருஷமாக ஜாடிக்குத் தேய்த்த கை. விளிம்பைத் தேய்த்து, குழியும் விளிம்பும் ஒரே மட்டமாக வரும் வரை தேய்த்தார். முடித்துவிட்டுக் கண்ணருகே கொண்டுபோய் மட்டம் பார்த்தார். ஒழுங்காகத்தான் இருந்தது. எங்கள் பட்டறையில் அந்த வேலையை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். செவலை உதட்டைத் தூக்கிக்கொண்டு நடுங்கியது. "புடிடா கெட்டியா" என்றார்.

மறுபடி அளந்தபோது சட்டம் மயிரிழையில் தாண்டிப் போனது. மாமா கையைத் தூக்கி ஆட்டினார். கூட்டம் கைதட்டியது. ஒட்டகம் என்று கத்திய அதே ஆள் விசிலடித்தான்.

ஓட்டம் தொடங்கியது. போகும்போது செவலை நாலாவதோ ஐந்தாவதோ. நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் போனேன். "எங்கடி வருது? எங்க வருது?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கொடியை வாங்கித் திரும்பியதும் அது பறக்க ஆரம்பித்தது. அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. கால் தரையில் பட்டதோ இல்லையோ, எடுத்துவிட்டது. "பாருடா, பறக்குது பாருடா!" என்று பைக்குகளில் இருந்தவர்கள் கத்தினார்கள். நானும் கத்தினேன். "அக்கா, முந்துது! முந்துது!" அந்தப் பக்கம் அக்கா சாமியை எல்லாம் ஊர் ஊராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தூறல் விழுந்து ரோடு ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் நாலு காலுக்கும் கறுப்பாகத் தடம் விழுந்துகொண்டே போனது. முதலில் சேறு என்று நினைத்தேன். என் முன்சக்கரம் தெறித்தது சேலையில் பட்டபோதுதான் சிவப்பு என்று தெரிந்தது. பாவி மனுஷா! அது பறக்கவில்லை. காலைத் தரையில் வைக்க முடியாமல் ஓடியது.

ஒரு தலை வித்தியாசத்தில் செவலை ஜெயித்தது. "ஜெயிச்சுடுச்சுக்கா" என்றேன். அக்கா அழுதாள். காலைப் பற்றிச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

வண்டியை அவிழ்த்து, மாலை போட்டு, செவலையைக் களத்தின் நடுவில் நிறுத்தினார்கள். அது ஒரு காலைத் தூக்கியது. வைத்தது. உடனே அடுத்ததைத் தூக்கியது. நாலு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே இருந்தது.

"டேய், டான்ஸ் ஆடுதுடா!"

மேளக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்தக் காலுக்கு ஏற்றபடி அடிக்க ஆரம்பித்தார்கள். சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. மாமா கப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தானும் இரண்டு ஸ்டெப்பு போட்டார். "காலப் பாருங்கய்யா, ரத்தம் வருது, நிறுத்துங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என்னைப் பார்த்து ஒருத்தன், "அக்காவும் ஆடுங்க" என்றான். தக்காளி சாதப் பொட்டலத்தை அவன் மூஞ்சியில் எறிந்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

மினி லாரி வீட்டுக்கு வந்தபோது அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். பலகை வழியாகச் செவலை இறங்க மறுத்தது. இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள். இறங்கியதும் அக்காவின் கண் காலுக்குத்தான் போனது. தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமா சந்தோஷத்தில் இருந்தார். "சொன்னா சொன்னதுதான். ஜெயிச்சுடுச்சு. இனிமே இது உன் குதிரை" என்று கயிற்றை அக்கா கையில் வைத்தார்.

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "என் குதிரையத்தான் இப்படிப் பண்ணிங்களா?" என்றாள். அதற்குள் யாரோ கூப்பிட்டு மாமா கப்போடு தெருவுக்குப் போய்விட்டார்.

அக்கா மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்து, சாக்குத் துணியால் நாலு காலையும் கட்டினாள். டாக்டரைக் கூப்பிடலாம் என்று நானும் சொன்னேன், அவளும் சொன்னாள். "குளம்பு நகம் மாதிரி. தானா வளரும். டாக்டர் வந்தா, ஏன் தேய்ச்சேன்னு ஊர் முழுக்கப் பேசுவான், கப்பப் புடுங்கிக்குவானுங்க" என்றார் மாமா. ஒரு வாரம் போல ஆனது. செவலை கொள்ளு தின்னவில்லை. டீ டம்ளரை நீட்டினால் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. கழுத்து விறைத்து, வால் கம்பு போல நின்று, ஒரு நாள் காலையில் பக்கவாட்டில் விழுந்துவிட்டது. நானே போய் மாட்டாஸ்பத்திரி டாக்டரை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன்.

டாக்டர் இளவயசுக்காரர். குனிந்து பார்த்தார், கண்ணிமையைத் தொட்டார். தொட்டதும் உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. "டெட்டனஸ். குளம்புப் புண் வழியா ஏறியிருக்குது. அன்னைக்கே ஒரு டி.டி. ஊசி போட்டிருந்தா வந்திருக்காதுங்க" என்றார். இனி என்ன செய்தாலும் பிழைக்காது, மூச்சு முட்டித்தான் சாகும், வேதனைப்படாமல் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் தெருவே கூடி நின்றது.

"யாரோட குதிரைங்க? சொந்தக்காரங்க ஒத்துக்கிட்டாத்தான் நான் போட முடியும்."

மாமா தொண்டையைக் கனைத்தார். ஊரெல்லாம் என் குதிரை, என் குதிரை என்று சொன்ன அந்த வாய். "அவளோடதுதான் சார். நான் அன்னைக்கே குடுத்துட்டேன்" என்றார். அதோடு நிற்காமல் என்னைக் கைகாட்டி, "சாட்சி கூட இருக்குது" என்றார்.

அவரை அடித்திருக்க வேண்டும். என் கை எழவில்லை. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் மொய்த்த ஈயை முந்தானையால் விரட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் இன்னொரு தடவை கேட்டார்.

"ஆமாங்க. என்னோடதுதான்" என்றாள் அக்கா. "ஜெயிக்கணும்னு கேட்டவளும் நான்தான். போடுங்க."

மாமா டாக்டருக்கு டீ சொல்லிவிட்டு வருவதாகக் கடைப் பக்கம் போனார்.