வீட்டுச் சம்மதம்

எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பூட்ஸ் மேடம் என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும், அவர் காலடியில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். மாட்டு அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். வேலையில் சேர்ந்த புதிதில் கொட்டகைக்குள் போக ரப்பர் பூட்ஸ் கேட்டாள். அலமாரியில் இருந்ததெல்லாம் ஆண்கள் அளவு. பொம்பளைங்க யார் மாட்டுப் பக்கம் வரப்போகிறார்கள், சின்ன அளவு எதற்கு வாங்க வேண்டும் என்று ஸ்டோர்க்காரர் சிரித்தார். இவள் இரண்டு பூட்ஸிலும் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக்கொண்டு தொப்பு தொப்பென்று நடந்து போனாள். அன்றைக்கு ஒட்டிய பெயர்.

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். தங்கப் பதக்கம் இவளுக்கு. ஆனால் வேலை என்று வந்ததும் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். உயிருள்ள மாடு உதைக்கும் என்று அவளை நாய், பூனைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். செத்த மாடு உதைக்காது என்று என்னைப் பிணம் அறுக்கும் நோய்க்குறியியலுக்கு அனுப்பினார்கள். நாய் கடிக்கும் என்பது மட்டும் எந்தப் புண்ணியவானுக்கும் நினைவுக்கு வரவில்லை. மாட்டுப் பிரிவில் மூன்று ஆண்கள்: துறைத்தலைவர், இரவு முழுவதும் குறட்டை விடுவதால் குறட்டையார் என்று பெயர் வாங்கிய மூத்த ஆசிரியர், பிறகு பூட்ஸிடமே படித்துவிட்டு வந்த ஓர் இளைஞன். அவனைக் கடைக்குட்டி என்போம்.

ஒருநாள் மத்தியானம் கன்று போட முடியாமல் ஒரு பசுவைக் கொண்டுவந்தார்கள். இரண்டு முன்னங்கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. குறட்டையாரும் கடைக்குட்டியும் இரண்டிலும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கன்று அசையவில்லை. பசு படுத்தே விட்டது. பூட்ஸ் நாய்க்கு ஊசி போட்டுவிட்டு அந்த வழியாக வந்தவள் நின்றாள். கொஞ்சம் கயிற்றை விடுங்கள் என்று சொல்லி, தோள்வரை உறை மாட்டிக்கொண்டு மண்டியிட்டாள். கையை உள்ளே விட்டு, ஒரு காலைப் பிடித்துக் கன்றின் தோள்வரை தடவிப் போனாள். அங்கிருந்து நெஞ்சைத் தாண்டி அடுத்த தோளுக்குத் தடவினாள். வெளியே தெரிந்த இரண்டாவது கால் அந்த உடம்பைச் சேர்ந்ததே இல்லை. உள்ளே இரட்டைக் கன்று. அவர்கள் ஆளுக்கொரு கன்றின் காலைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் எந்த மாட்டு டாக்டருக்கும் வரக்கூடிய தவறுதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு காலை உள்ளே தள்ளி, சரியான ஜோடியைத் தேடி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தாள்.

துறைத்தலைவர் வந்து பார்த்தார். பெண்களுக்குச் சின்னக் கை, உள்ளே சுலபமாகப் போய்விடும், அதுதான் விஷயம் என்றார். பூட்ஸ் உறையைக் கழற்றி, தன் உள்ளங்கையைக் கடைக்குட்டியின் உள்ளங்கையோடு ஒட்டிக் காட்டினாள். அவள் விரல்கள்தான் நீளம்.

"கை சின்னதா இருந்ததால இல்ல சார். இழுக்கறதுக்கு முன்னாடி தடவிப் பார்த்ததால" என்றாள்.

எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது. அடிக்கத் தெரியாது என்பதால் சும்மா இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுப் பிரிவில் இணைப் பேராசிரியர் இடம் காலியானது. பூட்ஸ் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காத்திருந்த இடம். படிப்பு இருந்தது, ஆராய்ச்சி இருந்தது. ஒன்றே ஒன்று இல்லை: மாட்டு ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்த்த அனுபவம். அது இல்லாதவர்களை நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள். இரவு டூட்டியோ பெண்களுக்குக் கொடுப்பதில்லை. கொடுக்காததைப் பார்த்ததில்லையே என்று கேட்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் போய்க் கேட்டாள். தலைவர் கோபப்படவில்லை, பெரிய மனதோடு வருத்தப்பட்டார். இருட்டு, பாதுகாப்பு, குடும்பம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கடைசியில், பெண்களுக்கு டூட்டி போட வேண்டுமென்றால் வீட்டுச் சம்மதம் வேண்டும், துறையில் அதுதான் வழக்கம் என்றார். சொல்லிக்கொண்டே மேஜைத் தொலைபேசியை எடுத்து, ஸ்பீக்கரை அழுத்தி, அவள் கணவரைக் கூப்பிட்டார். டீ வேளை. அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

கணவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, மனைவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறித்தான் பேசினார். விஷயம் தெரிந்ததும் நிம்மதியில், "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்ல சார், நீங்க பார்த்துச் செய்யுங்க" என்றார்.

தலைவர் வரம் கொடுத்த முகத்தோடு தொலைபேசியை வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து டூட்டிக்கு வரலாம் என்றார்.

"வர மாட்டேன் சார்" என்றாள் பூட்ஸ்.

நடைபாதையில் அவளைப் பிடித்து உலுக்காத குறையாகத் திட்டினேன். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, எடுத்துத் தின்னாமல் இதென்ன வீம்பு, நேர்முகம் நெருங்குகிறது, உனக்கு வேலை வேண்டுமா ரோஷம் வேண்டுமா என்று கேட்டேன்.

"அது எனக்கு விழுந்த பழம் இல்லடி. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டாங்க, அவர் கொடுத்தார். நாளைக்கு அவருக்கே மனசு மாறினா நான் திருப்பிக் கொடுத்துடணுமா?"

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கோபம் தீரவில்லை. இவளைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதே என் பிழைப்பு என்று முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

வீட்டிலும் அன்று சண்டை. நல்லதுதானே சொன்னேன் என்று கணவர் கேட்டிருக்கிறார். சொன்னது நல்லதுதான், அதைச் சொன்னது நீங்கள் என்பதுதான் தப்பு என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டே, "அவகிட்டயே கேளுங்கன்னு சொல்லியிருக்கணும், இல்ல?" என்றாராம். மனுஷன் ஒரு ராத்திரியில் கற்றுக்கொண்டார். தலைவருக்குத்தான் இன்னும் வகுப்பு பாக்கி இருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு எல்லாப் பிரிவுகளும் வரவேண்டும். அந்த வாரத்து இரவு டூட்டிப் பட்டியலைத் தலைவர் வாசித்தார். குறட்டையார், கடைக்குட்டி, தலைவர். தலைவரும் வாரத்தில் ஓர் இரவு டூட்டி பார்ப்பார். அதில் அவருக்குப் பெருமை. வாசித்து முடித்ததும் பூட்ஸ் எழுந்தாள்.

"வீட்டுச் சம்மதம் வேணும்னு சொன்னீங்க. இவங்களுக்கெல்லாம் வாங்கியாச்சா சார்?"

குறட்டையார் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேஜைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து ஸ்பீக்கரை அழுத்தினாள். முதலில் குறட்டையார் வீடு. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக்காரரை இரவு டூட்டிக்கு அனுப்ப உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரவுகளில்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று அந்த அம்மாள் சொன்னதும் அறையே குலுங்கியது. குறட்டையாரின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

அடுத்தது கடைக்குட்டி வீடு. பின்னால் குழந்தை அழும் சத்தம். குழந்தைக்குக் காய்ச்சல், டூட்டி இருக்கிறது என்று இவர் கிளம்பிவிடுகிறார், இந்த வாரம் எனக்குச் சம்மதம் இல்லை மேடம் என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கடைக்குட்டி தலை குனிந்துகொண்டான். வீட்டில் பேசிக்கொள்கிறேன் என்றான். பேசிக்கொள், ஆனால் வழக்கம் வழக்கம்தானே என்றாள் பூட்ஸ்.

தலைவருக்கு அப்போதுதான் உறைத்தது. போதும், வையுங்கள் என்று கை நீட்டினார். மணி அதற்குள் அவர் வீட்டில் அடித்துவிட்டது. அவர் மனைவியை நாங்கள் பார்த்தது குறைவு. கல்லூரி விழாக்களில் முன் வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பூட்ஸ் அவரிடமும், எல்லோரும் கேட்கிறார்கள் அக்கா, விருப்பமில்லை என்றால் வைத்துவிடலாம் என்று சொன்னாள். அவர் வைக்கவில்லை. கேள்வியை முழுசாகக் கேட்டுக்கொண்டு பதில் சொன்னார்.

"நானும் காலேஜ்ல பாடம் எடுத்தவதான்மா. அவருக்கு நைட் டூட்டி வந்தப்போ பிள்ளைங்களைப் பார்க்க ஆள் இல்லன்னு வேலையை விட்டேன். அன்னிக்கு யாரும் ஃபோன் பண்ணிக் கேக்கல. இப்ப நீ கேட்டதால சொல்றேன். எனக்குச் சம்மதம் இல்ல."

தலைவர் தன் மனைவியின் குரலை முதல் தடவை கேட்பவர் மாதிரி தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம் என்பதை மறைப்பானேன்?

"உங்க வழக்கப்படி பார்த்தா இந்த வாரப் பட்டியல்ல ஒருத்தர்தான் சார் மிச்சம்" என்றாள் பூட்ஸ். "இல்ல, வழக்கத்தை விட்டுடலாம்னா நாலு பேர் இருக்கோம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மறுநாள் அறிவிப்புப் பலகையில் புதிய பட்டியல் தொங்கியது. நான்கு பெயர்கள். சம்மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளைத் தாண்டிப் போகும்போது, ராத்திரியில் ஏதாவது நடந்தால் நான் பொறுப்பில்லை என்றார் தலைவர். இத்தனை வருஷம் இந்த ஆண்களுக்கு ராத்திரியில் நீங்களா பொறுப்பாக இருந்தீர்கள் என்று அவள் கேட்டதும், பாவம், நடையைக் கட்டினார்.

உடனே எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் நான் பொய்க்காரி. முதல் நேர்முகத்தில், உங்கள் வீட்டில் யார் சமைப்பார்கள் என்று கேட்டார்கள். பசிக்கிறவர்கள் என்றாள். இடம் கடைக்குட்டிக்குப் போனது. அவள் அழவில்லை, நான்தான் பிணக்கூடத்தில் கத்தியைக் கழுவிக்கொண்டே அழுதேன். டூட்டியை அவள் ஒருநாளும் விடவில்லை. அடுத்த இடம் காலியானபோது அவளைத் தாண்டிப் போக அவர்களுக்கு வழியே இல்லாமல் போயிற்று. இன்று ஸ்டோரில் எல்லா அளவு பூட்ஸும் இருக்கின்றன. இரவு டூட்டிக்கு வரும் பெண்களின் வீட்டுக்கு யாரும் தொலைபேசி செய்வதில்லை.

ஆனால் எனக்கு அவளை நினைத்தால் பேராசிரியர் நாற்காலி ஞாபகத்துக்கு வருவதில்லை. முதல் டூட்டிக்குக் கிளம்பிய சாயங்காலம்தான் வரும். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அவள் பூட்ஸைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளேயிருந்து மாமியார் கேட்டார்: "இந்த நேரத்துல யாரைக் கேட்டுட்டுக் கிளம்பறே?"

கணவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இவளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"யாரையும் கேக்கல அத்தை" என்றாள் பூட்ஸ், செருப்பை மாட்டிக்கொண்டே. "சொல்லிட்டுப் போறேன்."