கல் விழாத அறையில் ஒரு ஸ்டீயரிங்

கொகுரே ஹன்ஜி எனக்கு ஐம்பத்திரண்டாயிரம் யென் தர வேண்டியிருந்தது. அரிசிக்கோ மருந்துக்கோ வாங்கிய கடன் இல்லை. டிவியில் கார்ப் பந்தயம் விளையாடுகிறவர்கள் மேசையில் மாட்டிக்கொள்ளும் ஸ்டீயரிங் ஒன்றை, கீழே மிதிக்கும் பெடல்களோடு, அறுபத்தொரு வயதில் என் பழைய சாமான் கடையில் கடன் சொல்லி வாங்கினான்.

நான் கடன் கொடுக்கிறவள் இல்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தள்ளுவண்டியில் செம்புக் கம்பி பொறுக்க ஆரம்பித்தவள். இன்று ஜப்பானின் குன்மா மாவட்டத்து மலையடிவாரத்தில் இந்தத் தெருவில் இரண்டு மாடிக் கிடங்கு என்னுடையது. வாசலில் நிற்கும் மூன்று லாரியும் என்னுடையவை. புத்தாண்டுக்கு வங்கி மேலாளர் முதலில் வந்து குனிந்து வணங்குவது என் வாசலில்தான். கடன் சொல்லி ஒரு பழைய மின்விசிறியைக்கூட இங்கிருந்து யாரும் தூக்கிப் போனதில்லை. ஹன்ஜிக்குக் கொடுத்தது இரக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால். அவன் கம்பெனிமேல் இருந்த ஆத்திரம்.

ஹன்ஜி சுண்ணாம்புக்கல் குவாரியில் முப்பத்தெட்டு வருஷமாக டிப்பர் லாரி ஓட்டியவன். ஆள் உயரத்துக்கு டயர் இருக்கும் லாரி. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லை. மனைவி இறந்தபிறகு அவனுக்கு வீடு, வாசல், உறவு எல்லாம் அந்த லாரிதான். புத்தாண்டுக்கு அவன் வீட்டுக் கதவில் வைக்கோல் மாலை இருக்காது, லாரியின் மூக்கில் இருக்கும். சம்பளம் உயர்த்தச் சொல்லி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அப்படிப்பட்டவனைத்தான் கம்பெனிகளுக்குப் பிடிக்கும், அப்படிப்பட்டவன் தலையில்தான் முதலில் கை வைப்பார்கள்.

குளிர்காலத்தில் ஒருநாள் ஒரு அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். ஏப்ரல் முதல் மலைமேல் லாரியில் யாரும் உட்கார வேண்டியதில்லை. அடிவாரத்தில் ஒரு அறை. அங்கே திரையைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மேலே லாரி அதன்படி ஓடும். அந்த அறைக்குப் போக ஒரு தேர்வு. யாரும் கோடிக்கணக்கில் விலையுள்ள லாரியைப் பரீட்சைக்குத் தரமாட்டார்கள் என்பதால், கார்ப் பந்தய விளையாட்டில் மூன்று சுற்று ஓட்ட வேண்டும். மூன்று சுற்றிலும் சேர்த்து இரண்டு முறை சுவரில் இடிக்கலாம். மூன்றாவது இடி விழுந்தால் துடைப்பம். குவாரி முற்றத்தைப் பெருக்கும் வேலை, பாதிச் சம்பளம்.

எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் ஒரு தாளில் பணத்தைப் பற்றிய வரி எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் என் கண் நேரே அங்கே போய் நிற்கும். கடைசி வரி: அறையில் கல் விழும் அபாயம் இல்லாததால், மலைமேல் ஓட்டுவதற்குத் தரும் மலைப்படி நிறுத்தப்படும்.

"மலைப்படி எவ்வளவுடா?"

"ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு, அக்கா."

"அதை வெட்டுறான், நீ வாயில காபி டின்னை வச்சிக்கிட்டு நிக்கிற?"

"மொதல்ல வேலை நெலைக்கட்டும்க்கா. ரிட்டையராக இன்னும் நாலு வருஷம். அந்த ஸ்டீயரிங் என்ன விலை?"

விலையைச் சொன்னேன். தேர்வில் தேறினால் முதல் சம்பளத்தில் முழுசாகத் தருவதாகச் சொன்னான். தேறாவிட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. அவன் வீட்டு மேசை அதன் முறுக்கைத் தாங்காது என்பதால் என் கிடங்கிலேயே கனத்த தச்சு மேசையில் முடுக்கினோம். வேலை முடிந்து தினமும் வந்து ஓட்டுவான்.

ஓட்டினான் என்றா சொன்னேன்? முதல் நாள் முதல் திருப்பத்திலேயே சுவர். இரண்டாவதில் சுவர். நேர்ச்சாலையிலும் சுவர்.

"ஏண்டா, முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினியா, லாரி உன்னை ஓட்டுச்சா?"

"லாரியில சீட்டு சொல்லும்க்கா. பின்னாடி டயர் வழுக்குதுன்னா மொதல்ல இடுப்புக்குத் தெரியும். இந்த நாற்காலி செத்துக் கெடக்கு."

இன்னொரு கோளாறும் இருந்தது. அந்தக் காலத்து லாரியில் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். அதனால் பழைய ஓட்டுநர்கள் வளையத்துக்கு உள்ளே கையை விட்டு, உள்ளங்கை தன் பக்கம் பார்க்கப் பிடித்து இழுப்பார்கள். ஹன்ஜிக்கு அதுதான் பழக்கம். இந்த விளையாட்டு ஸ்டீயரிங்கோ, கார் ஓரத்து மேட்டில் ஏறினால் தானாக வெடுக்கென்று திரும்பும். உள்ளே விட்ட கை உள்ளேயே மாட்டிக்கொள்ளும், நடுவில் இருக்கும் கம்பி மணிக்கட்டில் வந்து அடிக்கும். ஒரு வாரத்தில் அவன் மணிக்கட்டு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

"கையை வெளியில வைடா!"

"வெளியில வச்சா வழுக்குதுக்கா."

"வழுக்குற அளவுக்கு என்ன, நெய்யா தடவி வச்சிருக்கேன்?"

இப்படியே மூன்று வாரம். பிப்ரவரி முடியும்போது அவன் சுவரில் இடிப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் நிலைக்கு வந்தான். ஒருநாள் எழுந்து, "துடைப்பமும் வேலைதானேக்கா" என்றான். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஸ்டீயரிங்கைப் பார்த்தேன். வளையம் முழுக்க அவன் கையுறையிலிருந்த குவாரிக் கிரீஸும் நூல் பிசிறும் அப்பிக் கிடந்தது.

"பணம் வர்ற வரைக்கும் அது என் சாமான்! அந்தக் கந்தல் கிளவுஸைக் கழட்டி எறிடா!"

கழற்றினான். முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் எந்த ஸ்டீயரிங்கையும் வெறுங்கையால் தொட்டதில்லை. வெள்ளைக் கையுறை போடாமல் லாரியில் ஏறினால் கம்பெனியில் அபராதம். கையுறையை மாட்டிக்கொண்டுதான் ஓட்டுவது என்பது அவனுக்குச் செருப்பை வாசலில் விடுவதுபோல, யோசித்துச் செய்யும் காரியமே இல்லை. நான் திட்டியதற்காக வெறுங்கையோடு உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனான். பாதியில் காரை நிறுத்திவிட்டான்.

"அக்கா, இது பேசுது."

"என்னத்தப் பேசுது?"

"டயர் வழுக்கறதுக்கு மின்னாடியே உள்ளங்கையில கிர்ருன்னு வருது. சீட்டு சொல்ற சேதியை இது கையில சொல்லுது. இத்தனை நாளும் கிளவுஸ் குடிச்சிருச்சு."

வெறுங்கைக்கு வளையம் வழுக்கவுமில்லை. வழுக்காததால் கையை உள்ளே விட வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. பழக்கதோஷத்தில் கை உள்ளே போகும், நான் ஒரு அதட்டல் போடுவேன், வெளியே வரும். மார்ச் நடுவில் மூன்று சுற்றை ஒரு இடியும் இல்லாமல் முடித்தான்.

தேர்வு நாளன்று நானும் அந்த அடிவார அறையில் இருந்தேன். அந்த அறைக்கு நாற்காலி கொடுத்ததே நான்தான், உடைத்த கார்களிலிருந்து எடுத்த நல்ல இருக்கைகள். கடைசி இருக்கையை முடுக்க வந்தவள், முடுக்கியபிறகும் போகவில்லை. போகச் சொல்லும் தைரியமும் அங்கே யாருக்கும் இல்லை.

பிரிவுத் தலைவர் செகிகுச்சி, இஸ்திரி கலையாத சட்டைக்காரர், ஹன்ஜி உட்கார்ந்ததும் சொன்னார்:

"கொகுரே, ஹெல்மெட். கையுறை."

"இங்கேயா சார்?"

"இதுவும் வேலையிடம்தான். விதி எல்லா இடத்துக்கும் ஒண்ணுதான்."

முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், ஹன்ஜி தலையாட்டிவிட்டு மாட்டிக்கொண்டான். முதல் சுற்றில் இரண்டு முறை சுவரில் இடித்தான். இன்னும் ஒன்று விழுந்தால் துடைப்பம். கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டேன்.

"அவன் கையைக் கட்டிப் போட்டுட்டு ஓட்டச் சொல்றீங்களா?"

"ஹோஷினோ அம்மா, நீங்க வெளியில இருந்தா நல்லா இருக்கும்."

"நல்லா இருக்காது!"

நான் அடுத்ததைச் சொல்வதற்குள் ஹன்ஜி எழுந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் குரல் உயரவே இல்லை.

"சார், இந்த ரூம்ல கல் விழுமா?"

"எப்படி விழும்?"

"கல் விழாதுன்னுதானே மலைப்படியை நிறுத்தினீங்க. அப்போ ஹெல்மெட்டும் கிளவுஸும் எதுக்கு? கல் விழும்னா ஹெல்மெட்டும் கிளவுஸும் போட்டுக்கறேன், படியைக் குடுங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே தாள்ல எழுதி முத்திரை வச்சிருங்க."

செகிகுச்சி முத்திரை வைக்கவில்லை. வைப்பாரா? நாளைக்கு அந்தத் தாள் அவர் கழுத்தைப் பிடிக்கும். வெளியே போய்த் தலைமை அலுவலகத்தோடு வெகுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்து திரையைப் பார்த்துச் சொன்னார்:

"ஹெல்மெட் வேண்டாம், கையுறையும் வேண்டாம். படி கிடையாது. விழுந்த ரெண்டு இடியும் கணக்குல நிக்கும்."

"சரி சார்."

"என்னடா சரி?" என்று கத்தினேன். அவன் காதில் விழவில்லை. ஸ்டீயரிங்கில் வெறுங்கையை வைத்திருந்தான்.

இரண்டாவது சுற்று சுத்தம். மூன்றாவதில், நீண்ட இறக்கத்துக்குப் பிறகு வரும் திருப்பத்தில் வலது கை மெல்ல வளையத்துக்கு உள்ளே நுழைவதைப் பார்த்தேன். அதட்ட வாயைத் திறந்தேன். பாதியில் அவனாகவே வெளியே எடுத்தான். காரின் பின்புறம் சுவரை முகர்ந்துவிட்டு வந்ததே தவிர, தொடவில்லை. செகிகுச்சி தாளில் ஒரு வட்டம் போட்டார். தேர்ச்சி.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அந்த செகிகுச்சி மாட்டிக்கிட்டு நின்னான். இன்னும் ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா படியும் வந்திருக்கும்!"

"வந்திருக்கும்க்கா. கூடவே கிளவுஸும் வந்திருக்கும். போட்டுக்கிட்டு இன்னொரு தடவை இடிச்சிருப்பேன்."

அவன் சொன்னது சரிதான். அதற்காக என் கோபம் குறையவில்லை. ஒரு மனிதனிடம் வேலையைக் காட்டிப் படியைப் பிடுங்குவதற்குப் பெயர் என்ன என்று செகிகுச்சியைப் பார்க்கும் இடத்திலெல்லாம், காய்கறிக் கடையில்கூட, கேட்கிறேன். அவர் குனிந்து வணங்கிவிட்டு நகர்கிறார்.

ஏப்ரல் சம்பளம் வந்த அன்றே ஹன்ஜி கடைக்கு வந்தான். பணத்தை வெள்ளை உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினான்.

"உறை கல்யாணத்துக்கும் சாவுக்கும் வைக்கிறது. இது வியாபாரம். எண்ணிக் குடு."

"படி இல்லாம கொஞ்சம் கம்மியாத்தான் வந்திச்சுக்கா. ஆனா சொன்ன தொகை முழுசா இருக்கு."

"நான் குறைச்சுக் கேட்டேனா?"

சிரித்தான். உறையைக் கிழித்தான். நான் கையை நீட்டினேன். பத்தாயிரம் நோட்டாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஒவ்வொன்றாக வைத்தான். பிறகு ஆயிரம் நோட்டு ஒன்று. கடைசி ஆயிரத்தோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் உரசிப் பார்த்துவிட்டு, அதையும் என் உள்ளங்கையில் வைத்தான்.