பொட்டக்குட்டி

முதல் குழந்தை பெண். இரண்டாவதும் பெண்ணென்றால் கலைத்துவிடலாம் என்று முடிவுகட்டிய மாமியார், வயிற்றில் இருப்பதை ரகசியமாகப் பார்த்துச் சொல்பவரிடம் என்னை அழைத்துப்போகக் கிளம்பியிருந்தார். அது குற்றமென்று படித்த எனக்குத் தெரியும். ஆனாலும் புடவை மாற்றிக்கொண்டு நின்றேன்.

சங்கராபுரம் பஸ் வரும் நேரத்தில் கொட்டகையில் ஆடு கதறியது. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? கொம்பப் புடி!"

நான் பிடித்துக்கொள்ள, அத்தை எண்ணெய் தடவிய கையை உள்ளே விட்டு, மடங்கியிருந்த மறுகாலை மெல்ல நிமிர்த்தினார். குட்டி வழுக்கி விழுந்தது. அசையவில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாகத் தும்மியது.

வாலைத் தூக்கிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது. "பொட்டக்குட்டிடி! நம்ம வூட்டுக்கு யோகந்தான்!"

"எனக்கும் பொட்டையா இருந்தா, அத்த?"

கேட்டேவிட்டேன். அத்தை குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தெருமுனையில் ஹாரன் அடித்தது. குட்டியை மடியிலிருந்து இறக்காமலே உட்கார்ந்திருந்தார். பஸ் போய்விட்டது.

"சேலய மாத்திக்கினு வா. ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்."

பிறந்தது பெண்தான். அத்தையின் இடுப்பைவிட்டு அவள் இறங்குவதில்லை. அன்று ஆடு ஈனாமல் இருந்திருந்தால் நான் வாய் திறந்திருப்பேனா? அவளைப் பார்க்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.